தொழிலகக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் அலாரம்

ஆலையில் ஓர் அளவு வரம்பு மீறிவிட்டது அல்லது ஒரு கருவி பழுதாகிவிட்டது, உடனே கவனி என்று ஆபரேட்டரை அழைக்கும் அறிவிப்பே அலாரம். அதைக் கேட்டு அவர் செய்ய வேண்டியது ஏதுமில்லை என்றால் அது அலாரமே அல்ல என்பது 2009-இல் வெளியான ஐ.எஸ்.ஏ. 18.2 தரநிலையின் நிலைப்பாடு. பல ஆலைகள் இன்றும் கடைப்பிடிக்கத் திணறும் விதி இது.

வரம்பு மீறலைக் கண்டறிவது எளிய வேலை. பி.எல்.சி. எனும் கட்டுப்பாட்டுக் கருவி, சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை சென்சார்களின் அளவைப் படித்து, குறித்துவைத்த வரம்போடு ஒப்பிடுகிறது. அளவுகள் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக வருகின்றன. அடிமட்டம் 0 அல்ல, 4. அதனால் கம்பி அறுந்து மின்னோட்டம் நின்றால், 'தொட்டி காலி' என்று கருவி ஏமாறாது; பழுது என்றே கொள்ளும்.

நுட்பம் தாமதத்தில்தான் இருக்கிறது. தொட்டியில் நீர் அலையடிக்கும். குழாயில் அழுத்தம் துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஹூட்டர் எனும் ஒலிப்பான் அலறினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனவே வரம்பு மீறியதும் கருவி ஒரு டைமரை ஓடவிடுகிறது. நேரம் முடிவதற்குள் அளவு இறங்கிவிட்டால் டைமர் மீண்டும் பூஜ்ஜியத்துக்குப் போகும்; அலாரம் எழாது. நீர்மட்டத்துக்கு 60 விநாடி, பாய்வுக்கு 15 விநாடி என்று தொடங்குவது வழக்கம். துணைக்கு டெட்பேண்ட் உண்டு: 80 சதவீதத்தில் எழுந்த அலாரம், மட்டம் 75-க்குக் கீழ் இறங்கினால்தான் அணையும். ஆனால் தாமதம் இலவசமல்ல. வரம்பைத் தாண்டிய தொட்டி மூன்று நிமிடத்தில் வழியுமென்றால், 60 விநாடித் தாமதம் ஆபரேட்டரின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

உலையைப் பற்றவைக்கும்போது இன்னொரு சிக்கல். குளிர்ந்த உலையில் 'வெப்பம் குறைவு' என்பது செய்தியே அல்ல. அதனால் வெப்பம் முதன்முறை வரம்பைத் தாண்டும்வரை அந்த அலாரத்தை அடக்கிவைக்கும் வசதி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் உண்டு.

அலாரம் எழுந்ததும் விளக்கு விட்டுவிட்டு எரியும், ஹூட்டர் ஒலிக்கும். ஆபரேட்டர் 'பார்த்தேன்' பொத்தானை அழுத்தினால் ஒலி நிற்கும். விளக்கோ நிலையாக எரியும், கோளாறு தீர்ந்தபின்தான் அணையும். கோளாறு தானே தீர்ந்தாலும் ஆள் வந்து ரீசெட் செய்யும்வரை விடாத அலாரங்களும் உள்ளன. முக்கியமான அலாரங்களில், ரிலே எனும் மின்சுவிட்சுக்கு எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் அலாரம். கம்பி அறுந்தாலும் குரல் வந்துவிடும்.

அலாரங்கள் அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்துதான். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நேர்ந்தது. 26 பேர் காயமடைந்தனர். வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடத்துக்குள் இரண்டு ஆபரேட்டர்கள் முன் எழுந்த அலாரங்கள் 275. அலாரங்களை எண்ணிக் குறைக்கும் வழிகாட்டி நூலாகிய ஈ.ஈ.எம்.யு.ஏ. 191 பிரிட்டனில் 1999-இல் வந்தது. ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்பது அது ஏற்கும் சராசரி.