சரளைக் குழியும் தை மாத நீர்மட்டமும்

சாலைக்கும் வீட்டுமனைக்கும் சரளை மண் தேவை. பேச்சு வழக்கில் 'கிராவல்' எனப்படும் அம்மண்ணை எடுக்கப் புதிய குழிக்கு அனுமதி கோரப்படும்போது, எத்தனை லோடு கிடைக்கும் என்ற கணக்கே முதலில் போடப்படுகிறது. அம்மண்ணுக்கு அடியில் நீர் எங்கே நிற்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் எழுகிறது. நிலத்தடி ஆய்வில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இந்த வரிசை மாற வேண்டும் என்பதே என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சரளைக் குழிக்கான ஆய்வறிக்கையைப் பார்க்க நேர்ந்தது. நீர்மட்டம் தரையிலிருந்து 9 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகவும், எனவே 6 மீட்டர் வரை தோண்டலாம் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. அளவெடுத்தது மே மாதத்தில். அதுவும் ஒரே ஒரு முறை. அருகிலிருந்த பாசனக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். சுமார் 3 மீட்டர் ஆழத்தில் சுவரைச் சுற்றிலும் வெள்ளைக் கறை படிந்திருந்தது. "தை மாசம் அந்தக் கறை வரைக்கும் தண்ணி நிக்குங்க ஐயா" என்றார் கிணற்றுக்கு உரியவர். அறிக்கை பொய் சொல்லவில்லை. உண்மையில் பாதியை மட்டுமே சொல்லியிருந்தது.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. ஆகவே, பல இடங்களில் நிலத்தடி நீர் அதன் பின்னரே உச்சத்தைத் தொடுகிறது, கோடையில் தாழ்கிறது. தோண்டும் ஆழத்தை உச்ச மட்டத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். குழி நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால், மழைநீரை வடிகட்டித் தந்த மண்போர்வை அகன்றுவிடும். திறந்த நீர் வெயிலில் ஆவியாகும். இயந்திரங்களில் இருந்து சிந்தும் டீசலும் எண்ணெயும் தடையின்றி நீரில் கலக்கும். குழிநீரை இறைத்து வெளியேற்றினால் சுற்றுக் கிணறுகளின் மட்டமும் தாழும்.

முறையான ஆய்வு கடினமானதன்று. முதலில் மண். இந்தியத் தர வகைப்பாட்டின்படி 4.75 மில்லிமீட்டர் முதல் 80 மில்லிமீட்டர் வரையிலான துகளே சரளை. 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்து, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடிகள் தேவை என எண்ணுவது வழக்கமான சோதனை. ஆனால், சரளையில் ஒரு கல் குழாய் முனையை மறித்தாலும் எண்ணிக்கை பொய்யாக உயரும். எனவே, சோதனைக் குழிகளை வெட்டி அடுக்குகளைக் கண்ணால் பார்ப்பதும், மண்ணைச் சல்லடையில் பிரித்து எடைபோடுவதும் அவசியம். இடையில் ஒரு களிமண் அடுக்கு இருந்தால், அதன்மேல் தனியாக ஒரு நீர் தங்கியிருக்கக்கூடும்.

அடுத்தது நீர். ஒரே நேர்க்கோட்டில் அமையாத 3 கண்காணிப்புக் கிணறுகளாவது வேண்டும். அவற்றின் நீர்மட்டங்களைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால்தான் நீர் எத்திசையில் நகர்கிறது என்பதும், யாருடைய கிணறு பாதிக்கப்படும் என்பதும் தெரியும். நகரும் வேகத்தைக் கணிக்க, 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி வெளியிட்ட விதி இன்றும் கைகொடுக்கிறது. மட்டத்தை ஓராண்டு முழுவதும், குறைந்தது மாதம் ஒருமுறை அளக்க வேண்டும்.

மூன்றாவது, பலரும் மறப்பது: தோண்டத் தொடங்கும் முன்பே சுற்றுக் கிணறுகளின் மட்டத்தையும் நீரின் தன்மையையும் பதிவு செய்வது. அப்பதிவு இல்லையெனில், பின்னாளில் கிணறு வற்றியது குழியாலா, வறட்சியாலா என்று உழவரால் மெய்ப்பிக்க இயலாது.

5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2012-இல் ஆணையிட்டது. அந்த அனுமதிக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், அறிக்கையில் உச்ச நீர்மட்டமும் அதை அளந்த தேதியும் இடம்பெற வேண்டும். அதன் நகல் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். சரளைக் குழியே கூடாது என்பதல்ல என் வாதம். கிணற்றுச் சுவரின் கறை அறிந்ததை, அனுமதி வழங்கும் கோப்பும் அறிந்திருக்க வேண்டும் என்பதே.