கடலடிக் கம்பியும் கம்பெனி ஆளும்

துணிச்சலும் தந்திரமும் மிக்க ஒருவனைப் பார்த்து, "இவன் சரியான எம்டன்!" என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு அது சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அக்டோபர் 28-ஆம் நாள் விடியலில் பினாங்குத் துறைமுகத்திற்குள் புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. இவ்விரண்டையும் பலர் அறிவர். அதன் பிறகு அது போன இடத்தை அறிந்தவர் சிலரே. நவம்பர் 9-ஆம் நாள் காலையில், இந்தியப் பெருங்கடலின் நடுவே கொக்கோஸ் தீவுக் கூட்டத்தில் உள்ள டைரக்‌ஷன் தீவுக்கு அது போயிற்று. அங்கே கோட்டை இல்லை, பட்டாளம் இல்லை. தென்னை மரங்களும், ஒரு கம்பெனியின் ஆபீசும், அதன் சிப்பந்திகளின் குடியிருப்பும் இருந்தன. அந்த ஆபீசை அழிக்கத்தான் எம்டன் போனது.

அப்படி என்ன கம்பெனி அது? அதில் வேலை செய்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? கம்பெனி வீட்டில் குடியிருந்து, கம்பெனி சொன்ன நேரத்துக்கு எழுந்து வேலைக்குப் போகிற வாழ்க்கை நமக்குப் புதிதன்று. ஆகவே அவர்கள் கதையை நாமும் கேட்கலாம்.

ஜான் பெண்டர் என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்து, மான்செஸ்டரில் துணி வியாபாரம் செய்தவர். அட்லாண்டிக் கடலின் அடியில் தந்திக் கம்பி போடும் முயற்சி தோற்றுத் தோற்று நின்றபோது, தம் பொறுப்பில் இரண்டரை லட்சம் பவுனுக்கு ஜாமீன் கொடுத்தவர். 1866-இல் அது வெற்றி பெற்றது. பிறகு அவர் கிழக்கே திரும்பினார். 1870-இல் சூயஸிலிருந்து ஏடன் வழியாகப் பம்பாய்க்குக் கம்பி வந்தது. 1871-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து சிங்கப்பூர். அதே ஆண்டில் ஹாங்காங், மறு ஆண்டில் ஆஸ்திரேலியா. 1873-இல் இந்தியாவுக்குக் கிழக்கே உள்ள கம்பிகளுக்கெல்லாம் 'ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன்' என்ற பெரிய கம்பெனி ஏற்பட்டது. கொக்கோஸ் தீவுக்கு அது 1901-இல் போய்ச் சேர்ந்தது.

கம்பி என்றால் வெறும் செம்புக் கம்பி கடல்நீரில் வேலை செய்யாது. மின்சாரம் நீரில் கசிந்துவிடும். அதற்கு உறையாக அமைந்த பொருள் நம் காட்டிலிருந்து போயிற்று என்பதை எத்தனை பேர் அறிவோம்? 'கெத்தா' என்ற மலாய்ச் சொல் பால் வெட்டுகிற நம் எல்லார் வாயிலும் புழங்குவது. 'கெத்தா பெர்ச்சா' என்பது தாபான் மரத்துப் பால். மலாய்க்காரர்கள் அதைக் கொண்டு பாராங்குக்குப் பிடி செய்வதைச் சிங்கப்பூரில் இருந்த மாண்ட்கோமரி என்ற டாக்டர் கவனித்து, 1840-களில் இங்கிலாந்துக்கு மாதிரி அனுப்பினார். வெந்நீரில் போட்டால் மாவுபோல் இளகும். ஆறினால் இறுகிவிடும். கடலின் குளிரிலும் இருட்டிலும் ஆண்டுக்கணக்கில் கெடாது.

நம் ரப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினாலும் அது பால் தருகிறது. தாபான் அப்படி அன்று. பட்டையைக் கீறினால் பால் ஓடாமல் அங்கேயே உறைந்துவிடும். ஆகையால் மரத்தையே சாய்த்து, பட்டையைச் சுற்றிச் சுற்றிக் கீறி, கசிந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். ஒரு முழு மரத்துக்குக் கிடைப்பது சொற்பமே. அந்தச் சொற்பத்துக்காகக் காடு காடாகச் சாய்ந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சிங்கப்பூரிலும் மலாயாவின் பல காடுகளிலும் பெரிய தாபான் மரத்தைக் காண்பதே அரிதாயிற்று. கம்பெனியின் வரலாறு எழுதியவர்கள் பெண்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். காட்டுக்குள் போய் மரம் சாய்த்தவர்களின் பெயர்களை யாரும் குறித்து வைக்கவில்லை.

இனி கம்பெனி ஆளைப் பார்ப்போம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கரையில் போர்த்கர்னோ என்ற சின்ன ஊர். அங்கேதான் கம்பி கரையேறியது. இளைஞர்களை அங்கே பயிற்றுவித்து, ஏடன், பினாங்கு, கொக்கோஸ் என்று அனுப்பினார்கள். வீடு உண்டு, சாப்பாடு உண்டு, டென்னிஸ் மைதானமும் உண்டு. எந்த ஊருக்கு மாற்றுவார்கள் என்பது மட்டும் அவர் கையில் இல்லை. நம் ஊர் ஆபீசுகளில் உள்ளூர்க் குமாஸ்தாக்களும் தந்தி கொண்டு ஓடும் பையன்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பந்திக்கு ஒரு சம்பளம், இவர்களுக்கு வேறு சம்பளம். துரை பங்களாவையும் லயத்தையும் பார்த்த கண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலை என்னவென்றால் கண்ணும் கையும். நீண்ட கம்பியில் வந்து சேரும் மின்சாரம் மிக மெலிந்தது. தொடக்க காலத்தில், ஒரு சிறு கண்ணாடியில் பட்ட விளக்கொளி இருட்டறையில் இடமும் வலமும் அசையும். ஒருவர் அதைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொள்வார். பிறகு வில்லியம் தாம்சன் என்ற விஞ்ஞானி ஒரு கருவி செய்தார். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய் ஒன்று ஓடுகிற காகித நாடாவில் மையால் கோடு போடும். கோடு மேலே போனால் புள்ளி, கீழே இறங்கினால் கோடு என்று மோர்ஸ் எழுத்தாகப் படிக்க வேண்டும். பழகாதவருக்கு அது எறும்பு மையில் நடந்த தடம்தான்! பழகியவரோ நாம் செய்தித்தாள் வாசிப்பதைப்போல் வாசித்தார்.

லண்டன் செய்தி ஒரே பாய்ச்சலில் பினாங்குக்கு வராது. ஜிப்ரால்டர், மால்ட்டா, அலெக்ஸாந்திரியா, சூயஸ், ஏடன், பம்பாய், சென்னை என்று நிலையத்துக்கு நிலையம் ஒருவர் நாடாவைப் படித்து, மீண்டும் அடுத்த கம்பியில் அனுப்ப வேண்டும். இரவு பகல் ஓயாமல் முறை போட்டு வேலை. 1872-இல் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 20 சொல் அனுப்ப 9 பவுனுக்கு மேல் கட்டணம். அதனால் வியாபாரிகள் ஒரு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கும் சங்கேதச் சொற்களைக் கையாண்டார்கள். படித்து அனுப்புகிறவருக்கு அதன் பொருள் தெரியாது. தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. ரப்பர் விலையும் இப்படித்தான் வந்தது. 1910-இல் லண்டனில் ராத்தல் 12 ஷில்லிங் 9 பென்ஸ் வரை ஏறியதும், அதைக் கேட்டு இங்கே காடுகள் தோட்டங்களானதும், நாடாவில் ஓடிய வளைகோடுகளாக அவர் கண் முன்னே போயின.

எம்டன் போன தீவுக்கு வருவோம். கப்பலின் புகைபோக்கிகளில் ஒன்று போலி என்று கண்டுகொண்ட நிலையத்தார், கரைக்கு ஜெர்மானியர் வருவதற்குள் கம்பியிலும் கம்பியில்லாத் தந்தியிலும் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். ஏறத்தாழ 50 பேர் இறங்கினார்கள். துப்பாக்கி இல்லாத ஊழியர்கள் எதிர்க்கவில்லை. தந்திக் கம்பத்தைச் சாய்ப்பதானால் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் சாய்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள், அவ்வாறே செய்தார்களாம். எம்டன் தளபதிக்கு விருது கிடைத்த செய்தியை ஜெர்மானியருக்குச் சொல்லி வாழ்த்தியதும் அந்த ஊழியர்களே. சிப்பாய்கள் கருவிகளை உடைத்தார்கள், கடலில் இறங்கிக் கோடரியால் கம்பியை வெட்டினார்கள். எல்லாக் கம்பிகளையும் வெட்ட முடியவில்லை. மறைத்து வைத்த மாற்றுக் கருவிகளைக் கொண்டு நிலையம் சீக்கிரமே மறுபடி பேசியது. இதற்குள் செய்தி கேட்ட ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' வந்து எம்டனைச் சுட்டுத் தரைதட்ட வைத்தது. 130-க்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள்.

பக்கத்துத் தீவில் வேறொரு கதை. அங்கே குளூனிஸ் ராஸ் குடும்பத்தின் தென்னந்தோட்டம். மலாய்த் தொழிலாளிகளுக்குத் தோட்டமே அச்சிட்டும் வார்த்தும் கொடுத்த வில்லைகள்தாம் சம்பளம். அவை தோட்டக் கடையில் மட்டும் செல்லும். சிறிது தூரம் கடல் தாண்டி, கம்பெனி ஆபீசில் உலகச் செய்தியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலிய அரசு அத்தோட்ட நிலத்தின் பெரும்பகுதியை விலைக்கு வாங்க 1978 ஆயிற்று.

எம்டன் அழிக்க முடியாத கம்பெனி ஊழியத்தை ஓர் இயந்திரம் அழித்தது. 1920-களில், வருகிற மெலிந்த குறியைத் தானே திருத்தி அடுத்த கம்பியில் அனுப்பும் கருவி வந்தது. இடையில் இருந்து படித்தவர் தேவைப்படவில்லை. மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி 1927-இல் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் மலிவாகச் செய்தி அனுப்பத் தொடங்கியது. 1929-இல் இரண்டு தரப்பையும் ஒன்றாக இணைத்தார்கள். 1934-இல் அதற்குக் 'கேபிள் அண்ட் வயர்லெஸ்' என்று பெயர் வந்தது.

அந்தச் சமயத்தில் ரப்பர் விலை என்னவாயிற்று? 1932-இல் ராத்தல் இரண்டு பென்சுக்கும் கீழே போயிற்று. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளிகள் மூட்டை முடிச்சுகளோடு பினாங்கில் கப்பலேற்றப்பட்டார்கள். ஆள் குறைப்பை முடிவு செய்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். அந்த உத்தரவுகளை நிலையம் நிலையமாகப் படித்து அனுப்பிய பழைய ஊழியர்கள் பலர், அதற்கு முன்பே வேலை இழந்திருந்தார்கள்.

டைரக்‌ஷன் தீவு நிலையம் 1966-இல் மூடப்பட்டது. போர்த்கர்னோ 1970-இல் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் படங்கள் பினாங்கிலும் மலாக்காவிலும் மெர்சிங்கிலும் கரையேறும் கண்ணாடி இழைகளில் கடலடியே வருகின்றன. உறைக்குத் தாபான் பால் வேண்டாம். அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வந்து பல ஆண்டுகளாயின.