கல்முனைக்கு வராத புகையிரதம்

இலங்கையின் முதல் புகையிரதம் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை, 54 கிலோமீற்றர் ஓடியது. 1867இல் கண்டியைத் தொட்டது. மலைநாட்டுக் காப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அன்றைய நோக்கம். பின்னர் தேயிலையைத் தொடர்ந்து பாதை மலையேறி, 1924இல் பதுளையை எட்டியது. வடக்கே காங்கேசன்துறைக்கு 1905இலும், தலைமன்னாருக்கு 1914இலும் வண்டி வந்துவிட்டது.

கிழக்கின் முறை கடைசியில்தான் வந்தது. மாகோவில் பிரிந்து கல்லோயாச் சந்தியில் இரண்டாகக் கிளைத்த பாதை, 1927இல் திருகோணமலையையும், 1928இல் மட்டக்களப்பையும் அடைந்தது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அம்பாறை வயல்களுக்கு நீர் தரும் ஆற்றின் பெயரும் கல்லோயாதான். ஆனால் அந்தச் சந்தி இருப்பதோ வெகுதொலைவில், ஹபரணைக்கு அப்பால். ஆற்றின் பெயர் தண்டவாளத்தில் இருக்கிறது. ஆறு பாயும் மண்ணில் தண்டவாளம் இல்லை.

மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்து, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக வரும் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் கல்முனை. மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊரும் ஊரும் ஒட்டிக்கிடக்கும் கரை. நெல்லும் மீனும் நெசவும் நிறைந்த மண். காப்பிக்கும் தேயிலைக்கும் மலையைக் குடைந்தவர்களுக்கு, நெல் விளையும் இச்சமவெளி அத்தனை அவசரமாகத் தோன்றவில்லை போலும்.

இன்று பாதையை நீட்டுவதும் எளிதன்று. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம், நெருக்கமான குடியிருப்புகள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை மறந்துவிட்டு எவரும் இங்கே திட்டம் வரைய இயலாது.

ஆயினும், தெற்கே 1895இல் மாத்தறையோடு நின்ற பாதை, 2019இல் பெலியத்த வரை நீண்டது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பாதை நீளும்போது, மட்டக்களப்போடு நின்றதும் நீளலாம். அதுவரை கல்முனைப் பயணி கொழும்புக்குப் போக இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடி உறங்குவார். அல்லது வடக்கே மட்டக்களப்புக்குப் போய் வண்டியேறுவார். நோயாளிக்கும் மாணவனுக்கும் வியாபாரிக்கும் அந்த 40 கிலோமீற்றர், வரைபடத்தில் தெரிவதைவிட நீளமானது.