டயல் இல்லாத பெட்டியில் ஒரு ‘டயல்’: வீட்டு ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்கு ஒரு வரலாறு

வீட்டு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தை ஒருமுறையேனும் திறந்து பார்த்தவர்கள் அதில் ‘டயல்’ என்ற சொல்லைக் கண்டிருக்கலாம். ‘தேவைப்படும்போது டயல் செய்க’ என்னும் பொருளில் ஒரு தெரிவு பல பெட்டிகளில் இன்றும் இருக்கிறது. வீட்டுக்குள் வருவதோ கண்ணாடி இழை. சுழற்றுவதற்கு எண்வட்டு ஏதும் இல்லை. ஆயினும் சொல் போகவில்லை.

‘டயல்’ என்பது நாள் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆங்கிலத்தில் முதலில் சூரியக் கடிகாரத்தைக் குறித்தது. பின்னர்க் கடிகார முகப்பை. பின்னர்த் தொலைபேசியின் எண்வட்டை. தமிழில் ‘தந்தி’க்கு நேர்ந்ததும் இதுவே. வீணையின் கம்பியைக் குறித்த சொல், கம்பிவழிச் செய்திக்கு ஆகி, இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்த பின்னும் நாளிதழின் பெயராக நிற்கிறது. பொருள் போய்ச் சொல் நிற்பதை மொழி வரலாற்றில் எச்சம் என்போம். ரூட்டரின் அமைப்புப் பக்கம் அத்தகைய எச்சங்களால் ஆனது. அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும், என்றோ எங்கோ சிலர் கூடி எடுத்த ஒரு முடிவின் தடம்.

இந்தப் பதிவில் நான் சொல்ல விழைவது ஒன்றே. அந்தப் பக்கத்தை ஒரு காலத்தில் சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டுக்காரர்களே நிரப்பினார்கள். இன்று நிரப்புவது வேறு யாரோ. இந்தக் கைமாற்றம் எப்படி நிகழ்ந்தது, அதில் நாம் இழந்தது என்ன என்பதே கேள்வி.

தொடக்கம் 1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய நாள். அன்று இணைப்பு என்பது உண்மையாகவே ஒரு தொலைபேசி அழைப்பு. மோடம் எண்ணைச் சுழற்றும்; மறுமுனை எடுக்கும்; பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். இந்த உரையாடலின் இலக்கணத்தை வகுத்தது பிபிபி என்ற நெறிமுறை. 1994 ஜூலையில் வெளியான 1661ஆம் எண் ஆர்எஃப்சி ஆவணம் அதற்கு நிலைத்த வடிவம் தந்தது. இரு முனைகளுக்கு இடையே ஒரு கம்பி, அதன் வழியே ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், ஒரு கணக்கு: அவ்வளவுதான்.

2004 அக்டோபரில் இந்திய அரசு தன் அகலக்கற்றைக் கொள்கையை வெளியிட்டது. வினாடிக்கு 256 கிலோபிட்டும் அதற்கு மேலும் இருந்தால் அகலக்கற்றை என்று அது வரையறுத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் சேவையைத் தொடங்கியது. பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியிலேயே பேச்சும் இணையமும் ஒன்றாகப் பயணித்தன. இரண்டையும் பிரிக்க ஒரு சிறு பிரிப்பான். அதன் ஒரு வாயில் தொலைபேசி, மறு வாயில் ஏடிஎஸ்எல் மோடம். தொலைபேசி நிலையத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருந்த வீடுகளுக்கே அது எட்டியது. ஆகவே நகரம் முந்தியது; கிராமம் காத்திருந்தது.

அந்த மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் நிரப்ப வேண்டியவற்றுள் முதன்மையானவை மூன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை உண்டு.

முதலாவது, விபிஐ 0, விசிஐ 35 என்ற இணை எண்கள். டேட்டாஒன் வைத்திருந்தவர்களுக்கு இவை மனப்பாடம். ஏடிஎம் என்ற பழைய தொலைத்தொடர்பு முறையில் ஒரு தடத்தைக் குறிக்கும் முகவரி இது. விசிஐ எண்களில் 0 முதல் 31 வரை அமைப்பின் சொந்தத் தேவைக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. அதனால் பயனருக்கான தடங்கள் 32க்குப் பின்னரே தொடங்கின. ஏடிஎம் சுமந்த ஒவ்வொரு சிறு பொதியின் அளவு 53 பைட். விந்தையான எண். ஐரோப்பியர் 32 பைட் சுமை போதும் என்றனர். பொதி நீண்டால் குரல் தாமதமாகும், எதிரொலி கேட்கும் என்பது அவர்கள் அச்சம். அமெரிக்கர் 64 வேண்டும் என்றனர். 1980களின் இறுதியில் நடுவே நின்று 48 என்று முடிவு செய்தார்கள். தலைப்பகுதிக்கு 5 சேர்த்து 53. இரு கண்டங்களின் பேரம், பல ஆண்டுகள் கழித்துச் சித்தூரின் ஒரு வீட்டு மோடத்துக்குள் வந்து ஓடியது.

இரண்டாவது, பிபிபிஓஇ. ஏடிஎஸ்எல் எப்போதும் இணைந்தே இருக்கக்கூடியது, அழைக்கவே தேவையில்லை. எனில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஏன்? தொலைபேசி நிறுவனங்களிடம் டயல்அப் காலத்தின் கணக்கு ஏடு இருந்தது: யார் நுழைந்தார், எப்போது வெளியேறினார், எவ்வளவு பயன்படுத்தினார் என்பதெல்லாம் அதில் பதிந்தது. அந்த ஏட்டைக் கைவிட அவை விரும்பவில்லை. 1999 பிப்ரவரியில் வெளியான 2516ஆம் எண் ஆர்எஃப்சி, பழைய பிபிபி உரையாடலை ஈதர்நெட் என்னும் புதிய பாதையின் மேல் ஏற்றியது. தேவையற்றுப்போன அழைப்பைப் போலச் செய்துகாட்டும் ஏற்பாடு இது. ‘டயல்’ என்ற சொல் பிழைத்துக் கிடப்பது இதனாலேதான்.

மூன்றாவது, எம்டியு 1492. ஒரு பொதியில் ஏற்றக்கூடிய பெரும அளவு அது. 1980இல் டெக், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் வெளியிட்ட ஈதர்நெட் வரையறையில் அந்த அளவு 1500. பிபிபிஓஇ தன் தலைப்பகுதிக்கென 8 பைட் எடுத்துக்கொள்கிறது, எஞ்சியது 1492. சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நின்றுவிடும் என்ற புரியாத நோய்க்குப் பலமுறை மருந்தாக இருந்தது இந்த எட்டின் கழித்தலே.

இவற்றோடு இன்னொரு தெரிவும் இருந்தது: பாலமாக நிறுத்துவதா, மோடத்தையே இணையச் செய்வதா? பால முறையில் மோடம் வெறும் கம்பிதான். கணினியில் இருந்த ‘இணை’ என்ற பொத்தானை வீட்டுக்காரர் தாமே அழுத்த வேண்டும். மற்ற முறையில் மின்சாரம் வந்தவுடன் மோடமே இணைந்துகொள்ளும். இது வெறும் தொழில்நுட்ப வேறுபாடன்று. மாதக் கட்டணத்தையே மாற்றிய வேறுபாடு. அந்நாளைய டேட்டாஒன் திட்டங்களில் மாத அளவு ஒரு சில நூறு மெகாபைட்டுகளாகவோ ஒரு சில ஜிகாபைட்டுகளாகவோ இருந்தது. சில திட்டங்களில் நள்ளிரவு கடந்து 2 மணி முதல் காலை 8 மணி வரை பயன்படுத்துவது கணக்கில் சேராது. ஆகவே பெரிய கோப்புகள் அந்த நேரத்துக்கெனக் காத்திருந்தன. 2 மணிக்கு முன் தொடங்கிய இணைப்பைத் துண்டித்துப் புதிதாகத் தொடங்குவதே பாதுகாப்பு என்று பயனர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். மோடத்தைத் தானே இணையவிட்டு மறந்துபோனவர்களுக்கு மாதக் கடைசியில் பில் நினைவூட்டியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வினாடிக்கு 256 கிலோபிட் காலத்தில், தன் வீட்டு இணைப்பு எப்படி இயங்குகிறது என்பதைச் சாதாரணப் பயனர் ஓரளவு அறிந்திருந்தார். அறிவார்வம் மட்டும் காரணமன்று. அறியாவிட்டால் காசு போகும் என்பதும்தான். விபிஐ, விசிஐ, பயனர்பெயர் ஆகியவை ஒரு துண்டுத்தாளில் எழுதப்பட்டு மேசை இழுப்பறையில் இருந்தன.

மொழியின் இடம் என்ன? அமைப்புப் பக்கம் அன்றும் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காடு, கடப்பா மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவானது. பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது; சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அந்தக் கோடு தொலைபேசி எண்களிலும் படிந்திருக்கிறது: சித்தூருக்கு 08572, திருப்பதிக்கு 0877, அருகிலுள்ள வேலூருக்கு 0416, திருத்தணிக்கு 044. தொலைத்தொடர்பு வட்டங்களும் மாநில எல்லையை ஒட்டியே வகுக்கப்பட்டதால், இப்பக்கத்துத் தமிழ் வீட்டுக்கு உதவி வரும் மொழி தெலுங்கு. திரையில் தெரியும் மொழி ஆங்கிலம். நகரியிலும் குப்பத்திலும் சத்தியவேட்டிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதன்று. ‘செட்டிங் ஐபோயிந்தி’ என்று தெலுங்கில் சொல்வதை அவர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த ‘செட்டிங்’ என்ற சொல்லுக்குள் என்ன முடிந்தது என்பது, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் தெரியாது. இந்தப் பக்கத்தின் முன் எல்லையின் இருபுறமும் சமமாகவே வெளியில் நிற்கின்றன.

பின்னர்க் கண்ணாடி இழை வந்தது. ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டத்தை 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தொடங்கி வைத்தார். பள்ளம் தோண்டிப் புதைப்பதற்குப் பதிலாக, இருக்கும் மின்கம்பங்களின் மீதே இழையைக் கட்டிக்கொண்டு போனார்கள். செலவு குறைந்தது, வேகம் கூடியது. மாதம் 149 ரூபாய்க்கு வினாடிக்கு 15 மெகாபிட் இணையமும், தொலைக்காட்சியும், தொலைபேசியும் என்று அறிவிக்கப்பட்டது. செப்புக் கம்பிக்குத் தொலைவாக இருந்த கிராமங்களுக்கும் இழை போக வழி பிறந்தது. இது சிறிய சாதனையன்று.

இழை வந்தபோது விபிஐயும் விசிஐயும் போயின. அவற்றின் இடத்தில் விலேன் என்ற தட எண் வந்தது. ஒரே இழையில் வரும் இணையத்தையும் தொலைக்காட்சியையும் குரலையும் பிரித்துவைக்கும் எண் அது. பல சேவைகளில் பிபிபிஓஇ மட்டும் அப்படியே தொடர்ந்தது. கணக்கு ஏடு எளிதில் சாவதில்லை. பெரிய மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. இந்த எண்களை வீட்டுக்காரர் நிரப்ப வேண்டியதில்லை. பெரும்பாலும் நிறுவனத்தின் மறுமுனையே பெட்டிக்கு அனுப்பிவிடும். இல்லையேல் இணைப்புத் தர வந்தவர் நிரப்பிவிட்டுப் போவார்.

தொலைவிலிருந்து ரூட்டரை அமைப்பதற்கான டிஆர்-069 என்ற நெறிமுறையை டிஎஸ்எல் ஃபோரம் வெளியிட்டது 2004 மே மாதத்தில். இந்தியா தன் அகலக்கற்றைக் கொள்கையை அறிவித்ததும் அதே ஆண்டில்தான். வீட்டுக்குள் மோடம் நுழையுமுன்பே, அதன் சாவியை வெளியே வைத்துக்கொள்ளும் வழியும் பிறந்துவிட்டது.

இதில் தீமை மட்டுமே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் படிக்காத ஒரு பாட்டியும் பெட்டியைச் செருகியவுடன் பேரனின் முகத்தைத் திரையில் பார்க்க முடிகிறது. ஆனால் அறியாமைக்கும் ஒரு விலை உண்டு. 2016 நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீட்டு இணைப்புகள் முடங்கின. தொலைநிலைப் பராமரிப்புக்கென ரூட்டர்களில் திறந்துவைக்கப்படும் வாயிலைக் குறிவைத்து நடந்த தாக்குதலின் விளைவு அது. 2017 ஜூலையில் இந்தியாவில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான மோடம்கள் தீநிரல் தாக்குதலில் செயலிழந்தன. ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்தவையே இலக்கு. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அப்படி ஒரு கடவுச்சொல் இருக்கிறது என்பதையே முதன்முதலாக அன்றுதான் அறிந்தவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ!

ஏனெனில் ‘பாஸ்வேர்டு’ என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம். விருந்தினர் கேட்கும் வைஃபை கடவுச்சொல் ஒன்று. அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் இன்னொன்று. நிறுவனத்தின் கணக்கு ஏட்டில் நம்மை அடையாளம் காட்டும் பிபிபிஓஇ கடவுச்சொல் மூன்றாவது. முதலாவதை மாற்றியவர், மூன்றையும் மாற்றிவிட்டதாக நம்புகிறார். ஒரு சொல் மூன்று பொருளை விழுங்கியதால் பிறந்த ஆபத்து இது.

ஆகவே சித்தூர், திருப்பதி நண்பர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி இருக்கும். 1996 பிப்ரவரியில் 1918ஆம் எண் ஆர்எஃப்சி, யாருக்கும் தனியுரிமையில்லாமல் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒதுக்கிவைத்த எண்வரிசைகளுள் ஒன்று அது. அதைத் திறந்து, இணைப்பு முறை, பயனர்பெயர், விலேன் எண் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பக்கத்தைப் படமெடுத்து வைத்தாலும் போதும். பெட்டி பழுதானாலோ தவறுதலாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டாலோ அந்தக் குறிப்பே கைகொடுக்கும். உங்கள் பிபிபிஓஇ கடவுச்சொல்லைச் சேவை தருபவரிடம் கேட்டு வாங்குங்கள். அமைப்புப் பக்கத்தின் ஆலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்கவிடும் தெரிவு இயங்கினால் அணைத்துவிடுங்கள். வீட்டில் உங்களைத் தவிர இன்னொருவருக்காவது, அம்மாவுக்கோ தங்கைக்கோ, இதைத் தமிழிலோ தெலுங்கிலோ சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். டேட்டாஒன் காலத்தில் எழுதிவைத்த அந்தத் துண்டுத்தாள்கள் யாரிடமேனும் இருந்தால், பெயரையும் கடவுச்சொல்லையும் மறைத்துவிட்டுப் படத்தைக் கருத்துப் பகுதியில் இடுங்கள். அவற்றில் எந்த மொழியில், எந்த எழுத்தில் குறித்திருக்கிறீர்கள் என்பதே என் ஆர்வம். ‘விசிஐ 35’ என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதியவர், தெலுங்கு எழுத்தில் எழுதியவர், ஆங்கிலத்தில் எழுதி ஓரத்தில் தாய்மொழியில் குறிப்பிட்டவர் என்று அந்தத் தாள்களில் ஒரு எல்லைப்புறத்தின் எழுத்தறிவு பதிந்திருக்கக்கூடும். ஆவணக் காப்பகங்கள் இவற்றைச் சேர்த்துவைக்கப் போவதில்லை. இழுப்பறையைச் சுத்தம் செய்யுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.