யுனிவர்சல் கேரியர்: வீட்டுப் பட்டறையில் மீட்டெடுப்பு

யுனிவர்சல் கேரியர் என்பது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் பிற காமன்வெல்த் நாடுகளும் பயன்படுத்திய, மேற்கூரையற்ற, மெல்லிய கவசம் பூண்ட, சங்கிலித்தடத்தில் ஓடும் சிறு ஊர்தியாகும். பிரென் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியைச் சுமந்த முந்தைய வடிவத்தின் பெயரால், ‘பிரென் கேரியர்’ என்றே இது பரவலாக அறியப்படுகிறது. விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங்ஸ் நிறுவனம் 1930களில் கார்டன்-லாய்ட் சிறுதாங்கிகளின் வழியில் வடிவமைத்த இவ்வகை ஊர்திகள் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் ஏறத்தாழ 1,13,000 எண்ணிக்கையில் கட்டப்பட்டன. கவசப் போர் ஊர்திகளில் இந்த எண்ணிக்கையை எட்டியது வேறில்லை என்று கருதப்படுகிறது. போர் முடிந்தபின் உபரியாக விற்கப்பட்டவற்றுள் பல உழவர்களின் கைக்குப் போய், கவசத் தகடுகள் வெட்டி நீக்கப்பட்டு, டிராக்டருக்குப் பதிலாக வயலில் உழைத்தன. இன்று மீட்டெடுப்போருக்குக் கிடைப்பவற்றுள் இத்தகைய குறையுடல்கள் கணிசமானவை.

பழைய சங்கிலித்தட ஊர்திகளுள் தனிமனிதர் ஒருவர் வீட்டுப் பட்டறையில் துணிந்து கையேற்கத் தக்கது இதுவே எனலாம். 30 டன் எடையுள்ள ஷெர்மன் தாங்கியைத் தூக்கி நிறுத்தப் பெருங்கிரேன் வேண்டும். கேரியரோ சுமையுடனும் ஏறத்தாழ நான்கு டன்னே இருக்கும். சுமார் 3.65 மீட்டர் நீளமும் 2 மீட்டருக்குச் சற்றே மிகுந்த அகலமும் உடையதாதலால் சாதாரணக் கார்க் கொட்டகையிலும் இடங்கொள்ளும். இதன் எஞ்சினும் கியர்பெட்டியும் பின் அச்சும் ஃபோர்டு லாரிகளின் உறுப்புகளை அடியொற்றியவை என்பதால், உதிரிப்பாகங்களைப் போர்ச்சரக்குகளுக்கு வெளியேயும் தேடலாம்.

மீட்டெடுப்பின் முதற்பணி கழற்றுவதன்று, பதிவு செய்வது. ஊர்தியின் வரலாறு அதன் சாயப் படலங்களிலும் தகடுகளில் பதிந்த எண்களிலும் துளைகளிலும் தங்கியிருக்கிறது. மணல்வீச்சு எந்திரத்துக்கு ஒருமுறை கொடுத்துவிட்டால் அவ்வரலாற்றை எவராலும் திரும்பப் பெற இயலாது. ஆகவே மெல்லிய உப்புத்தாளை நீரில் நனைத்துப் பக்கத் தகட்டைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு படலமாக வெளிக்கொணர்வது நல்ல மரபாகும். உழவர் பூசிய சாயத்தின் அடியில் 1944 முதல் பிரிட்டிஷ் படை பூசிய ஆலிவ் பச்சையும், அதற்கும் கீழே 1942இல் வழக்குக்கு வந்த பழுப்பும், சங்கிலித்தடக் கவச ஊர்திகளுக்குரிய ‘டி’ (T) என்னும் முன்னெழுத்துடன் கூடிய படைத்துறைப் பதிவெண்ணும் சில வேளைகளில் தென்படும். அப்பதிவெண்ணைவிட மதிப்புள்ள உறுப்பு அவ்வூர்தியில் வேறில்லை. நனைத்துத் தேய்ப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு: பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கும், அதன் தூசி நஞ்சு. பிரேக் பட்டைகளிலும் கேஸ்கெட்டுகளிலும் கல்நார் இருக்கக்கூடும். இருளில் ஒளிரும் அளவிமுகப்புகளில் ரேடியம் பூசப்பட்டிருக்கலாம் என்பதால் அவற்றைத் திறக்காமல் விடுவதே முறை.

துருப்பிடித்த சிறு உறுப்புகளுக்கு மின்பகுப்பு முறை ஏற்றது. சலவைச் சோடா கரைத்த நீரில் உறுப்பை மூழ்க வைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதனுடனும் நேர்முனையைக் கழிவு இரும்புத் துண்டுடனும் இணைத்தால், நல்ல உலோகம் தேயாமல் துரு நெகிழ்ந்து கழலும். நேர்முனையில் துருப்பிடிக்கா எஃகைப் பயன்படுத்தினால் குரோமிய நஞ்சு நீரில் கலக்கும். மேலும், இம்முறையில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் இது காற்றோட்டமான இடத்தில், தீப்பொறிக்கு எட்டாத தொலைவில் செய்யப்பட வேண்டும்.

கூட்டின் கவசத் தகடுகள் 7 முதல் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள, கடினப்படுத்தப்பட்ட எஃகாலானவை. பெரும்பாலான ஊர்திகளில் அவை ரிவிட்டுகளால் பிணைக்கப்பட்டுள்ளன. இத்தகடுகளைச் சாதாரண முறையில் வெல்டிங் செய்தால் ஒட்டின் ஓரத்தில் வெடிப்புக் காணும் என்பதால், தகட்டை முன்கூட்டியே சூடாக்கி, ஹைட்ரஜன் குறைந்த மின்வாய்களைக் கையாள்வர். ரிவிட்டுக்குப் பதிலாக உருண்டைத் தலை கொண்ட மரையாணிகளைப் பூட்டி மறைப்பதும் உண்டு. எளிதெனினும் இது தவிர்க்கத்தக்கது. வெளியிலிருந்து ஏமாற்றினாலும் கூட்டின் உட்புறம் உண்மையைச் சொல்லிவிடும். சிவக்கக் காய்ச்சிய ரிவிட்டை ஒருவர் உள்ளிருந்து தாங்க மற்றவர் வெளியிலிருந்து அடித்துத் தலை அமைப்பது, இருவர் பழகினால் வீட்டிலேயே கைவரும் வேலைதான். வெட்டி நீக்கப்பட்ட தகடுகளுக்கு ஈடாகப் பெரும்பாலும் மென்னெஃகே பொருத்தப்படுகிறது. போருக்குப் போகாத ஊர்திக்கு அதுவே போதும். ஆனால் எது பழையது, எது புதியது என்பதைக் குறித்து வைத்தல் கடமை.

எஞ்சின் 3.9 லிட்டர் கொள்ளளவும் 85 குதிரைத்திறனும் உடைய ஃபோர்டு வி-8 ஆகும். இதன் வால்வுகள் சிலிண்டர் தலையில் இல்லாமல் பிளாக்கினுள் சிலிண்டரின் பக்கத்தில் அமைந்துள்ளன. எரிந்த வாயு பிளாக்கின் ஊடே சென்றே வெளியேறுவதால் எஞ்சின் இயல்பாகவே மிகுதியாகச் சூடேறும். வால்வின் இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே வெடிப்பு ஏற்படுவது இதன் தீராக் குறை. எனவே பிஸ்டனுக்கோ பேரிங்குக்கோ செலவிடுமுன், பிளாக்கை வெடிப்புச் சோதனைக்கு உட்படுத்துவது அவசியம்.

திசைமாற்று அமைப்பே இவ்வூர்தியின் தனிச்சிறப்பு. ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சிறிதளவு திருப்பினால், இருபுறத்து முன் சக்கர இணைகளையும் தாங்கும் குறுக்குக் குழாய் பக்கவாட்டில் நகர்ந்து சங்கிலித்தடங்களை வில்லாக வளைக்கும். ஊர்தி மெல்லத் திரும்பும். மேலும் திருப்பினால் ஒருபுறத் தடத்துக்குப் பிரேக் விழுந்து, ஊர்தி சட்டெனத் திரும்பும். வளைவுக்கும் பிரேக்குக்கும் இடையிலான இந்த வரிசை பிசகாமல் அமைய, குழாயின் தாங்கிகளும் இணைப்புக் கோல்களும் தளர்வின்றி இருக்க வேண்டும். பல்லாண்டு சேற்றில் கிடந்த ஊர்திகளில் குறுக்குக் குழாய் இறுகிப் போயிருக்கும். அந்நிலையில் ஊர்தி பிரேக்கால் மட்டுமே திரும்பி, பிரேக் பட்டைகளை விரைவில் தின்றுவிடும்.

சங்கிலித்தடம் வார்ப்பிரும்புக் கண்ணிகளை ஊசிகளால் கோத்தது. ஊசியும் அதன் துளையும் தேயத் தேயக் கண்ணிகளுக்கிடையிலான தொலைவு கூடித் தடம் நீள்கிறது. முன்புறச் சக்கரத்தை நகர்த்தித் தடத்தை இறுக்கலாம். அதன் எல்லையும் கடந்துவிட்டால் ஒரு கண்ணியைக் கழற்றி விடுவர். ஆயினும் இது நீளத்தை மட்டுமே சரிசெய்யும், கண்ணிகளின் இடைவெளியை மாற்றாது. நீண்ட தடத்தைப் பின்புறமுள்ள புதிய பற்சக்கரத்தின்மேல் ஓட்டினால் பற்கள் கண்ணிகளில் சரியாகப் பொருந்தாமல் இரண்டும் ஒன்றையொன்று அரிக்கும். ஆதலால் தடம், ஊசி, பற்சக்கரம் ஆகியவற்றின் தேய்வை ஒருசேர அளந்த பின்னரே எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். புதிய ஊசிகள் கோத்த தடம் முதல் சில கிலோமீட்டர்களில் படிந்து தளரும் என்பதால், அந்தத் தொலைவைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, நின்று, மீண்டும் இறுக்குவது வழக்கம்.