இலங்கையின் மின்வலு வரலாற்றில் ஆற்றல் பாதுகாப்பும் காலநிலைக் கடப்பாடும்

முன்னுரை

வளர்முக நாடொன்று தன் மின்சாரத் தேவையை நிறைவுசெய்ய வேண்டுமாயின் காலநிலை இலக்குகளைத் தள்ளிவைக்க வேண்டும் என்னும் கருத்து கொள்கை விவாதங்களில் பரவலாகக் காணப்படுகின்றது. இலங்கையின் அனுபவம் இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றது. நீர்வலுவில் தொடங்கி, பாதுகாப்பை நாடி நிலக்கரிக்குச் சென்று, பின்னர் காற்றையும் சூரிய ஒளியையும் நோக்கித் திரும்பிய நாடு அது. அத்திருப்பங்களின் காரணங்களையும் அவற்றின் சுமை எவர்மீது விழுந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

நீர்வலுக் காலம்

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில் மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் பெறுவது குறித்த ஆய்வுரையை முன்வைத்தார். காலனிய ஆட்சியில் அத்திட்டம் பல்லாண்டுகள் தாமதமுற்றது. லக்சபான நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கியது. 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. 1980களில் மகாவலித் திட்டத்தின் கீழ் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல நிலையங்கள் எழுந்தன. 1990களின் நடுப்பகுதிவரை நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீரிலிருந்தே கிடைத்தது.

இக்காலத்தை மாசற்ற பொற்காலமாகக் கொள்வதற்கில்லை. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. கரியுமிழ்வு குறைந்த மின்சாரமும் எவரோ ஒருவரின் நிலத்தைக் கோரியது என்பதற்கு இது முற்காலச் சான்றாகும்.

வறட்சியும் நிலக்கரியும்

1996ஆம் ஆண்டின் வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடு முழுவதும் நீண்டநேர மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. மழையை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது என்ற முடிவுக்கு ஆட்சியாளர் வந்தனர். உடனடித் தீர்வாக எண்ணெய் அனல்மின் நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் செலவு மிகுதியாக இருந்தமையால் நிலக்கரி மலிவான மாற்றாகக் கருதப்பட்டது. மீனவர்களும் கத்தோலிக்கத் திருச்சபையினரும் எதிர்ப்புத் தெரிவித்த போதிலும், புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் சீனக் கடனுதவியுடன் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டப்பட்டது. அதன் முதல் அலகு 2011இலும் ஏனைய இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்கின.

நாட்டிற்குள் நிலக்கரி அகழப்படுவதில்லை. ஆகவே மழையைச் சார்ந்திருந்த நிலை நீங்கவில்லை; அதனுடன் இறக்குமதியைச் சார்ந்திருக்கும் நிலையும் சேர்ந்துகொண்டது.

சம்பூர்: ஒரு நிலத்தின் மூன்று பயன்கள்

திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர் மக்கள் 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்தனர். மறு ஆண்டு அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் இந்திய, இலங்கை அரசு நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் அங்கு திட்டமிடப்பட்டது. உரிமையாளர் முகாம்களில் வாழ்ந்திருக்க, அவர்களது ஊர் நாட்டின் ஆற்றல் பாதுகாப்பிற்கான இடமாக வரையப்பட்டது.

2016 செப்டெம்பரில் இத்திட்டம் கைவிடப்படுவதாக அரசு உயர்நீதிமன்றத்தில் அறிவித்தது. அதே மாதத்தில் பாரிஸ் ஒப்பந்தத்தையும் இலங்கை ஏற்புறுதி செய்தது. எனினும் இம்முடிவைக் காலநிலைக் கொள்கையின் விளைவாக மட்டும் விளங்கிக்கொள்வது பொருந்தாது. சுற்றுச்சூழல் அமைப்பினரின் வழக்கும் மீள்குடியேற்றத்திற்கான மக்களின் கோரிக்கையும் அதன் பின்புலத்தில் இருந்தன. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரியமின் திட்டத்திற்கான பணிகள் முறைப்படி தொடக்கிவைக்கப்பட்டன.

2022 நெருக்கடியும் அதன் பின்னரும்

2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது எரிபொருள் வாங்க இயலாமற் போயிற்று. நீர்த்தேக்கங்களின் மட்டமும் தாழ்ந்திருந்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தை எட்டியது. 1996இல் மழை பொய்த்தமையால் நேர்ந்தது, 2022இல் மழையும் டொலரும் ஒருங்கே குறைந்தமையால் நேர்ந்தது. இறக்குமதி எரிபொருள் தரும் பாதுகாப்பு, அதற்கு விலை கொடுக்கும் ஆற்றல் உள்ளவரையே நிலைக்கும் என்பது இதனால் தெளிவாயிற்று. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்ற, 2021இல் அறிவிக்கப்பட்ட இலக்கு இதன்பின் பொருளாதாரத் தேவையாகவும் மாறியது.

ஆயினும் அவ்வழியும் எளிதன்று. 2020 இறுதியில் மன்னாரில் சுமார் 100 மெகாவாட் காற்றாலைத் தொகுதி திறந்துவைக்கப்பட்டது. வலசைப் பறவைகள் தங்கும் அத்தீவில் மேலும் காற்றாலைகள் அமைவதை எதிர்த்து 2025இல் மக்கள் தொடர் போராட்டத்தில் ஈடுபட்டனர். வெள்ளநீர் வடிகால், மீன்பிடி, வாழிடம் ஆகியன அவர்களது கவலைகளாயின.

முடிவுரை

இலங்கையின் வரலாற்றில் ஆற்றல் பாதுகாப்பும் காலநிலை இலக்கும் நிலையான எதிர்த்துருவங்களாக இருந்ததில்லை. 1996இல் முரண்பட்டவையாகத் தோன்றிய அவை, 2022இன் பின்னர் ஒரே திசையைக் காட்டின. மாறாமல் நீடித்தது நிலத்தின் கேள்வியே. தெல்தெனிய, நுரைச்சோலை, சம்பூர், மன்னார் என இடங்கள் மாறினும், திட்டம் வகுக்கப்படும் வேளையில் அங்கு வாழ்வோரின் இசைவு கேட்கப்பட்டதா என்ற வினா ஒவ்வொரு கட்டத்திலும் எழுந்துள்ளது. சமநிலை என்பதை இரு தட்டுகளுக்கிடையில் மட்டும் அளக்கும் ஆய்வுகள் இம்மூன்றாவது கூற்றையும் கணக்கிற் கொள்ளுதல் இன்றியமையாதது.