இருட்டில் விட்ட இரண்டு அம்பு

ஜப்பானிய வில்வித்தை என்று பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். இரவு நேரம். இலக்கு இருட்டில் கிடக்கிறது. அதன் முன்னால் மெல்லிசாக ஒரு ஊதுபத்தி மட்டும் கனிகிறது. ஆசான் அவா கென்ஸோ இரண்டு அம்பு விடுகிறார். விளக்கைப் போட்டுப் பார்த்தால் முதல் அம்பு நட்டநடுவில்; இரண்டாவது அதன் பின்முனையைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

கதையைச் சொன்னவர் ஓய்கன் ஹெரிகல். 1924 முதல் 1929 வரை செண்டாய் நகரில் தத்துவம் கற்பித்த ஜெர்மானியர். ஜென்னைப் புரிந்துகொள்ளத்தான் வில்லைக் கையில் எடுத்தார். எய்வது நாமல்ல, 'அது' என்று ஆசான் சொன்னதாக அவர் 1948ல் எழுதிய புத்தகத்தில் உலகமே சொக்கிப்போனது. நானும்தான்.

2001ல் வந்த யமதா ஷோஜியின் கட்டுரை அந்த மயக்கத்தைக் கலைத்தது. அவா எந்த ஜென் குருவிடமும் முறையாகப் பயிலவில்லை. ஹெரிகலுக்கு ஜப்பானிய மொழி சரியாக வராது. அந்த இரவில் மொழிபெயர்ப்பாளரும் கூட இல்லை. நன்றாக எய்தபோது ஆசான் 'அதேதான்!' என்று பாராட்டியிருப்பார், அதுவே 'அது எய்தது' என்று மாறியிருக்கும் என்பது யமதாவின் ஊகம்.

சரி, பழைய வில்லாளிகளாவது தியானத்தில் இருந்தார்களா? 1686ல் கியோட்டோவின் சஞ்சூசங்கென்தோ கோயிலில் வாஸா தைஹாச்சிரோ ஒரு பகல் ஓர் இரவுக்குள் 13,053 அம்புகள் விட்டார். சுமார் 120 மீட்டர் நீளத் தாழ்வாரத்தைக் கடந்தவை 8,133. போர்க்களத்தில் துப்பாக்கி வந்துவிட்ட காலம் அது. வில் சாமுராய்களின் கௌரவப் போட்டியாகியிருந்தது. ஓவாரிக்காரர் வைத்திருந்த சாதனையைக் கிஷூக்காரர் முறியடித்தார், அவ்வளவுதான். வில்வித்தை என்றாலே ஜென் என்கிற நினைப்பு பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

அப்போ எல்லாமே பொய்யா? அப்படியும் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் 28 மீட்டர் தள்ளி, 36 சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்த்து, ஆளைவிட உயரமான வில்லோடு நிற்பவருக்கு மூச்சும் நிதானமும் வேண்டும். அதற்கு ஜென் முத்திரை தேவையில்லை.

வழக்கமாக மொழிபெயர்த்துக்கொடுத்த கொமாச்சியா ஸோஸோ பிற்பாடு அவாவிடமே அந்த இரண்டு அம்புகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அது தற்செயல், அப்படியொன்றைச் செய்துகாட்டும் எண்ணமே தனக்கு இல்லை என்றார் அவா. கும்பிடுவதற்குத் தயாராக ஒரு சீடன் இருந்தும் இப்படிச் சொல்லிவிட்ட அந்த மனுஷன்மேல் எனக்கு இப்போதுதான் மரியாதை கூடியிருக்கிறது.